சுற்றாடலைக் காக்கும் செலவு யார் தலையில்?

தோப்பூரில் கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கு கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை



சுற்றாடலைக் காக்க வேண்டுமா, வேண்டாமா என்பது இன்று நம்முன் உள்ள கேள்வியன்று. காக்கத்தான் வேண்டும். ஆறு கெட்டால் வயல் கெடும். வயல் கெட்டால் வயிறு கெடும். இதை நமக்கு எவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை. நம்முன் உள்ள கேள்வி வேறு. காப்பதற்கான செலவை யார் கொடுப்பது? காவாது விட்டால் விளையும் நட்டத்தை யார் சுமப்பது? சட்டம் இயற்றுவோர் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டாக வேண்டும். அவர்கள் போடாது விட்டாலும் கணக்கு நின்றுவிடுவதில்லை. அது தானாகவே தீர்க்கப்படுகின்றது. அவ்வாறு தீர்க்கப்படும்போது அதன் பாரம் எளியவன் தலையிலேதான் வந்து விழுகின்றது. இந்த ஒன்றையே இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மணலின் விலைக்குள் அடங்காத விலை

பொருளியலார் தடித்த நூல்களில் எழுதிவைத்த உண்மையை நாம் ஆற்றங்கரையிலேயே கண்டுகொள்ளலாம். மூதூருக்கு அருகே மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. அதன் மணலுக்கு ஒரு லொறிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார்கள். அந்த விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன? அள்ளியவரின் கூலி இருக்கிறது, லொறியின் வாடகை இருக்கிறது, டீசல் இருக்கிறது, அனுமதிப்பத்திரக் கட்டணம் இருக்கிறது, வியாபாரியின் இலாபமும் இருக்கிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சி அள்ளியதால் கரை இடிந்தால், அந்த இடிந்த கரை விலைக்குள் இருக்கிறதா? கரையோடு சேர்ந்து போகும் வயல் வரம்பு இருக்கிறதா? ஆழமாகிவிட்ட ஆற்றின் வழியே கடல்நீர் ஏறி அயற் கிணறு உவர்த்தால், அந்தக் கிணற்றுக்காரரின் நட்டம் இருக்கிறதா? இல்லை. அவற்றுக்குச் சிட்டை எழுதுவார் எவருமில்லை. சிட்டை எழுதாத காரணத்தால் மணல் மலிவாகத் தோன்றுகிறது. மலிவாகத் தோன்றும் பொருளை மனிதன் அளவின்றி அள்ளுகிறான். “ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே” என்ற பழமொழி இந்த வாணிகத்துக்கென்றே சொல்லப்பட்டதுபோல் இருக்கின்றது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆதர் பிகூ 1920ஆம் ஆண்டிலேயே இதை நலப் பொருளியல் பற்றிய தமது நூலில் ஆராய்ந்தார். பிறர்மீது நட்டத்தைச் சுமத்தும் தொழிலுக்கு அந்த நட்டத்தின் அளவுக்கு வரி விதித்தால், தொழில் செய்பவர் தாமாகவே கணக்குப் பார்த்து நடப்பார் என்பது அவரிடமிருந்து பிறந்த கருத்து. 1960ஆம் ஆண்டில் றொனால்ட் கோஸ் என்னும் அறிஞர் வேறொரு வழியிற் சிந்தித்தார். உரிமை யாருடையது என்பது தெளிவாக இருந்து, பேசித் தீர்ப்பதற்கும் செலவில்லாதிருந்தால், இருதரப்பாரும் தாமே ஓர் இணக்கத்துக்கு வந்துவிடலாம் என்றார். ஆனால் பேசித் தீர்ப்பதற்குச் செலவு உண்டு என்பதையும் அவரே வற்புறுத்தினார். அங்கேதான் நம்மைப் போன்றோரின் இடர்ப்பாடு இருக்கின்றது. ஒரு பக்கத்தில் வழக்கறிஞரும் கணக்காளரும் சூழ ஒரு பெரிய கம்பனி. மறுபக்கத்தில் ஆளுக்கு இரண்டு ஏக்கர் வயலும் ஒரு தோணியும் வைத்திருக்கும் ஐந்நூறு குடும்பங்கள். இவர்களுக்கிடையே சமனான பேரம் எப்படி நடக்கும்? ஆகவேதான் சட்டம் வேண்டும் என்கிறோம். ஆனால் எந்தச் சட்டமும் போதுமா? போதாது என்பதற்கு நமது நாடே சாட்சி.

2021ஆம் ஆண்டின் பசளைத் தடை

நெல்லுக்கான பசளைக்கு அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியது 1962ஆம் ஆண்டில். 2005ஆம் ஆண்டின் பின்னர் ஐம்பது கிலோ மூடையொன்று 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. இடையில் 2016ஆம் ஆண்டில் மூடைக்குப் பதிலாகப் பணம் கொடுக்கும் முறை வந்தது, அது நிலைக்கவில்லை. 2020ஆம் ஆண்டில் நெற்செய்கைக்குப் பசளை இலவசமாகவே வழங்கப்பட்டது. சந்தை விலையின் சிறு பின்னத்துக்குக் கிடைக்கும் பொருளை எவர்தாம் சிக்கனமாகப் பயன்படுத்துவார்? மண்ணைப் பரிசோதித்து, இவ்வளவு போதும் என்று அளந்து போடுபவருக்கு அதனால் ஒரு சதமும் மிச்சமில்லை. கூடுதலாகப் போட்டவருக்கோ ஒரு சதமும் நட்டமில்லை. இவ்வாறு ஆண்டுக்கணக்காக அரசே வாரி வாரிக் கொடுத்துப் பழக்கியது.

பிறகு நடந்தது என்ன? 2019ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ, பத்தாண்டுக் காலத்தில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்று வாக்களித்தார். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்தப் பத்தாண்டும் ஒரே வர்த்தமானி அறிவித்தலுக்குள் அடங்கிவிட்டது. இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பரவிய சிறுநீரக நோயும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்ததும் அனைவரும் அறிந்த காரணம். காரணம் எதுவாயினும் ஆகுக. தடை வந்த அன்று போதிய சேதனப் பசளை நாட்டில் இருந்ததா? இருக்கவில்லை. அடுத்த போகத்துக்கு எந்த வயலுக்கு எவ்வளவு நைதரசன் தேவை என்று எவரேனும் கணக்கிட்டார்களா? கணக்கிட்ட விஞ்ஞானிகளின் சொல் அம்பலம் ஏறவில்லை.

விளைவை நாடு முழுவதும் கண்டது. 2021/22 பெரும்போகத்தின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ச்சியடைந்தது. தன் சோற்றைத் தானே விளைத்த நாடு அரிசியை இறக்குமதி செய்தது. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலில் தீங்கு செய்யும் பற்றீரியா இருக்கின்றதென்று இலங்கை அதை ஏற்க மறுத்தது. ஆயினும் அந்தத் தகராற்றைத் தீர்க்க 67 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. 2021 நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டது. 2022 ஜனவரியில் நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபா இழப்பீடு என்று அறிவிக்கப்பட்டது. தடை நீங்கியபோது பசளை மலிவாகத் திரும்பி வந்ததா? 2022ஆம் ஆண்டிலே யூரியா மூடையொன்றின் கறுப்புச் சந்தை விலை முப்பதினாயிரம் ரூபாவைத் தாண்டியது.

பெரியோர்களே! இதிலிருந்து சிலர், சுற்றாடற் சட்டமே வேண்டாம் என்ற பாடத்தைப் படிக்கப் பார்க்கிறார்கள். அது தவறு. மண்ணும் நீரும் கெடுவது மெய். குளத்துக்கும் குடாவுக்கும் ஓடிச் சேரும் மிகைப் பசளை, மீனவரின் பிழைப்பைத் தொடுவதும் மெய். கமக்காரரும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டவர் அல்லர். ஆயின் அரசு செய்தது என்ன? கொழும்பிலே எடுத்த ஒரு முடிவின் முழுச் செலவையும் ஒரே போகத்தில், கடன்பட்டு உழுதவனின் தலையில் இறக்கிவைத்தது. மானியம் கொடுத்தபோதும் கணக்கில்லை. தடை போட்டபோதும் கணக்கில்லை. குற்றம் அங்கேதான் இருக்கின்றது.

வேறு வழி இருக்கவில்லையா? இருந்தது. மூடைக்குக் கொடுக்கும் மானியத்தை ஏக்கருக்குக் கொடுக்கும் பணமாக மாற்றி, பசளையின் விலையைப் படிப்படியாகச் சந்தை விலைக்குக் கொண்டு வந்திருக்கலாம். அப்போது குறைத்துப் போடுபவரின் மடியில் மிச்சப்பணம் தங்கும். சுவீடன் நாட்டார் 1992ஆம் ஆண்டிலிருந்து பெரிய கொதிகலன்கள் வெளிவிடும் நைதரசன் ஒட்சைட்டு வாயுவுக்குக் கிலோ கணக்கிற் கட்டணம் அறவிட்டார்கள். அந்தப் பணத்தை அரசு விழுங்கிவிடவில்லை. அவரவர் உற்பத்தி செய்த சக்தியின் அளவுக்கு ஏற்ப அந்த ஆலைகளுக்கே திருப்பிக் கொடுத்தது. ஆகவே குறைவாகப் புகைத்தவர் இலாபம் கண்டார். அதிகமாகப் புகைத்தவர் நட்டம் கண்டார். எந்த ஆலையையும் ஓரிரவில் மூடச் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. நல்லதைச் செய்பவனுக்கு நல்லது நடக்கும்படி சட்டத்தை அமைத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

சுன்னாகத்துக் கிணறுகள்

சட்டம் உறங்கினால் என்ன நேரும் என்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பாருங்கள். அங்கே ஆறில்லை. நிலத்தடி நீரே உயிர். கிணறே வயலுக்கும் வாய்க்கும் ஆதாரம். சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. மின்சாரத்தைப் பயன்படுத்தியவர்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். கம்பனி தன் வருமானத்தைப் பெற்றது. கெட்டுப்போன கிணற்றின் விலையை மட்டும் கிணற்றுக்குச் சொந்தக்காரர் கொடுத்தார். மணலுக்குச் சொன்ன கணக்கு இங்கே எண்ணெயில் எழுதப்பட்டது.

சூழலியல் ஆர்வலர் ஒருவர் 2015ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்ற நெறியை நீதிமன்றம் கைக்கொண்டது. மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா கொடுக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. இதற்கு முன்னர் 2000ஆம் ஆண்டில், எப்பாவல பொசுபேற்றுச் சுரங்க வழக்கிலும் இதே நீதிமன்றம், நாட்டின் இயற்கை வளங்களுக்கு அரசு காவலனேயன்றித் தன்னிச்சையாக விற்றுத் தீர்க்கும் உடைமையாளன் அன்று என்னும் கருத்தை நிலைநாட்டியிருந்தது.

தீர்ப்பு மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும், 1988ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் நடைமுறையில் இருந்தபோதுதான் இந்தக் கிணறுகள் கெட்டன. மத்திய சுற்றாடல் அதிகார சபை இருந்தபோதுதான் கெட்டன. சட்டப் புத்தகத்தில் விதி இருந்தது. கிணற்றடியிலே அளப்பார் இருக்கவில்லை. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதற்கும், வராமல் தடுப்பதற்கும் செலவில் எவ்வளவு வேறுபாடு என்பதை இங்குள்ள வைத்தியர்கள் நன்கறிவார்கள். கெட்ட நிலத்தடி நீரைத் திருத்துவது அதைவிடக் கடினம்.

சம்பூர் புகட்டிய பாடம்

இனி நமது கொட்டியாரக் குடாவுக்கே வருவோம். 2006ஆம் ஆண்டில் போரினால் ஊரைவிட்டுப் பெயர்ந்த சம்பூர் மக்களுள் பெரும்பாலோர் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் மீளக் குடியேற முடிந்தது. அவர்கள் அகதி முகாம்களில் இருந்த காலத்திலேயே, அவர்களுடைய ஊரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்றை அமைப்பதற்கு இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் 2011ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்தன.

நிலக்கரி மின்சாரம் மலிவானது என்று சொன்னார்கள். யாருக்கு மலிவு? மின்சாரம் நாடெங்கும் போகும். சாம்பல் சம்பூரிலே தங்கும். குளிர்விப்பதற்கு எடுத்த கடல்நீர் சூடாகிக் குடாவுக்குள் திரும்பும். மீன் பெருகும் கரையோரத்தை அது தொடும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் அயலிலுள்ள தோட்டக்காரரும் மீனவரும் சாம்பலையும் தூசியையும் பற்றி முறையிட்டு வந்ததை நாடு அறியும். இந்த நட்டங்களையெல்லாம் ஓர் அலகு மின்சாரத்தின் விலையோடு கூட்டிப் பார்த்திருந்தால், நிலக்கரி மலிவு என்ற பேச்சு நிலைத்திருக்குமா?

மக்கள் எதிர்த்தார்கள். சூழலியல் நிறுவனம் ஒன்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அந்த நிலக்கரித் திட்டம் நிறைவேற்றப்படமாட்டாது என்று சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். பின்னர் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை இணையவழியாகத் தொடக்கி வைத்தார்கள்.

சூரியனுக்குச் சாம்பல் இல்லை. இதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் சூரியத் தகட்டுக்கும் நிலம் வேண்டும் என்பதை மறத்தலாகாது. அதே 2025ஆம் ஆண்டில் நமது மாவட்டத்தின் முத்துநகர் விவசாயிகள், தாம் பயிரிட்ட நிலம் சூரிய மின் திட்டங்களுக்குப் போகின்றதென்று போராட்டத்தில் இறங்கினார்கள். தூய்மையான தொழில் என்ற பெயர் இருந்துவிட்டால் அதன் செலவு ஏழையின் வயலிலிருந்து போகலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. நிலக்கரிக்குக் கேட்ட அதே கணக்கைச் சூரியனுக்கும் கேட்போம்.

நமக்குத் தெரிந்த சட்டமுறை

இவற்றைச் சொல்லும்போது, அப்படியானால் நல்ல சட்டம் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத் தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் நீங்கள் கூடும் போக ஆரம்பக் கூட்டத்தையே எண்ணிப் பாருங்கள். அங்கே என்ன நடக்கிறது? குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறதென்று முதலில் அளந்து சொல்லுகிறார்கள். அந்த நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். விதைப்புக்கு ஒரு திகதி. வேலி அடைப்புக்கு ஒரு திகதி. மாடுகளை வயற்பரப்பிலிருந்து அப்புறப்படுத்த ஒரு திகதி. நீர் திறக்கவும் அடைக்கவும் வெவ்வேறு திகதிகள். வாய்க்காலின் தலைப்பில் உள்ளவரும் கடைக்கோடியில் உள்ளவரும் ஒரே கூட்டத்தில் வாய் திறக்கிறார்கள். முடிவை மீறியவருக்குத் தண்டம் உண்டு. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இந்த முறைக்குச் சட்ட வலுவைக் கொடுத்தது. முறையோ அதைவிடப் பழையது.

இந்த முறை குறையற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. கடைக்கோடி வயலுக்கு நீர் வராத நாட்களை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் அளவு, கால அவகாசம், வாய்ச்சொல், தண்டம் ஆகிய நான்கும் அதில் உள்ளன. 2021ஆம் ஆண்டின் பசளைத் தடையில் முதல் மூன்றும் இல்லை. சுன்னாகத்தில் நான்காவது காலந்தாழ்த்தி வந்தது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயாவின் இடதுகரையில் கமக்காரர் அமைப்புகளை உருவாக்கியபோது, மேற்புறத்துச் சிங்கள விவசாயிகளும் கீழ்ப்புறத்துத் தமிழ் விவசாயிகளும் நீரைப் பகிர்ந்துகொள்ளும் நிலை உண்டானது. பொதுவளத்தை மக்கள் தாமே விதிவகுத்துக் காக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டிய எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் நூல்களில் எழுதியதைக் கமக்காரர் வரம்பிலே நின்று செய்து வந்திருக்கின்றனர்.

நாம் கேட்பவை

ஆதலால், அரசிடம் நாம் கேட்பவை இவை. முதலாவது, எந்தச் சுற்றாடல் விதியானாலும், எந்தத் தொழில் அனுமதியானாலும், அதன் நன்மை யாருக்கு, செலவு யாருக்கு என்ற கணக்கு முன்னதாகவே வெளியிடப்படல் வேண்டும். இரண்டாவது, பயிரையோ பிழைப்பையோ தொடும் விதி எதுவும் போகத்தின் நடுவில் வரலாகாது. மாற்றுக்கு வழியும் காலமும் கொடுத்துப் படிப்படியாக வரல் வேண்டும். மூன்றாவது, அறவிடும் கட்டணமும் தண்டமும் திறைசேரியிற் போய் மறைந்துவிடாமல், கெட்ட கிணற்றுக்கும் இடிந்த கரைக்கும் வந்து சேர வேண்டும். நான்காவது, ஆற்றிலும் கிணற்றிலும் குடாவிலும் நீரின் தரத்தை ஒழுங்காக அளந்து, அந்த அளவை நமது மொழியில் நமது பிரதேச செயலகத்தில் எல்லோரும் காண வைக்க வேண்டும்.

இங்குள்ள படித்த அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 30 வேலைநாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். அறிவித்தல் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வர வேண்டும் என்பதும் சட்டம். அறிவித்தல் வருகிறது; நாட்களும் ஓடி விடுகின்றன. பல நூறு பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கையைக் கமக்காரர் தனியே எப்படிப் படிப்பார்? ஆசிரியர் ஒருவர், பொறியியலாளர் ஒருவர், கணக்காளர் ஒருவர், சட்டத்தரணி ஒருவர் ஒன்றுகூடி அதைப் படித்து, ஊர்க் கூட்டத்தில் எளிய தமிழில் விளக்கி, மக்களின் ஆட்சேபத்தை எழுத்திலே அனுப்பினால் அது பெருந்தொண்டாகும். முப்பது நாள் கடந்தபின் எழுப்பும் முழக்கத்தைவிட, முப்பது நாளுக்குள் அனுப்பும் ஒரு கடிதம் வலியது.

கமக்காரப் பெருமக்களே! உங்கள் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்து, அந்தப் பெறுபேறுகளைத் திகதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளை நட்டம் வந்தால், முன்பு எப்படி இருந்தது என்று நீதிமன்றம் கேட்கும். அன்று உங்கள் கையிலுள்ள அந்த ஒரு தாள் பேசும். அடுத்த போக ஆரம்பக் கூட்டத்தில் குளத்து நீரின் அளவைக் கேட்கும்போது, அந்த நீரின் தரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் அளக்கத் தொடங்குவார்கள். அளக்கத் தொடங்கினால்தான் செலவு யார் தலையில் விழுகிறதென்று நாடறியும்.